எலுமிச்சம்பழம் உருளாத ரோடு

நடுரோட்டில் முழங்காலிட்டிருந்தேன். முழங்கால் வலிக்காரன் செய்யக்கூடாத காரியம். எனக்கு முன்னால் ஒரு எலுமிச்சம்பழம். கையை எடுத்ததும் அது கொஞ்சம் யோசித்தது. பிறகு கிளம்பிவிட்டது. முதலில் மெதுவாக, அப்புறம் கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவனைப் போல வேகமாக உருண்டு, காப்பிச் செடிகளுக்குள் போய் மறைந்தது. அன்று காலையில் அது மூன்றாவது பழம்.

பக்கத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற என் மனைவி ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"ரோடு சமமாத்தானுங்க இருக்குது. பழந்தான் கோணையா இருக்குது" என்றாள்.

எனக்கு வந்த எரிச்சலை அந்தப் பழத்தின் மேல் காட்டலாம் என்றால் அதுவும் கையில் இல்லை.

பீன்ஸ் நறுக்கும்போது சொன்னது

ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் முப்பது வருஷத்துக்கு மேல் கிளார்க்காகக் குப்பை கொட்டியதைப் பற்றித்தான் சில வாரங்களாக இந்தத் தொடரில் எழுதி வருகிறேன். அந்தக் கதை முடியும் தறுவாயில்தான் இந்தச் சைக்கிள் கதை ஆரம்பித்தது.

ஓய்வு பெறும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. குடியிருந்த குவார்ட்டர்ஸைக் காலி செய்து கொடுக்க வேண்டும். எனக்கென்று இருந்தது ஒரே ஒரு வீடு. கொள்ளிடம் கடலில் கலக்கிற இடத்துக்குப் பக்கத்தில் அப்பா கட்டிய ஓட்டு வீடு. அங்கே போய்விட வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆசை என்பதுகூடக் குறைவுதான். மலையில் ஏறி இறங்கி இரண்டு முழங்காலும் தேய்ந்த பிறகு, மட்டமான தரையில் காலை வைத்தால் போதும் என்று ஒரு வெறியே பிடித்திருந்தது.

ஜெசிந்தா மலையிலேயே பிறந்து வளர்ந்தவள். அவளுடைய அப்பா எஸ்டேட்டில் வேலை பார்த்தவர். சந்தை, கோயில், தம்பி அந்தோணியின் வீடு எல்லாமே அவளுக்கு நடக்கிற தூரம். எங்கள் ஊரிலோ கடைக்குப் போகவும் கோயிலுக்குப் போகவும் மைல் கணக்கில் போக வேண்டும். பஸ் மனசு வைத்தால் வரும். மோட்டார் வண்டியும் அவளுக்கு ஆகாது. சேலத்துக்கு இறங்கும் பஸ்ஸில் முதல் வளைவு வரும் முன்பே எலுமிச்சம்பழத்தை எடுத்து மூக்கில் வைத்துக்கொள்வாள். எங்கள் வீட்டில் உப்பு தீர்ந்துபோன நாள் உண்டு, எலுமிச்சம்பழம் தீர்ந்துபோன நாள் கிடையாது.

ஒரு நாள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"கடைக்குப் போறதுக்கெல்லாம் உங்களையே எதிர்பாத்துட்டு ஊட்டுக்குள்ள உக்காந்திருக்க என்னால ஆகாதுங்க. எனக்குச் சைக்கிள் ஓட்டக் கத்துக் குடுங்க. ஓட்ட வந்துச்சுன்னா உங்க ஊருக்கு வர்றேன். வரலீன்னா தம்பி ஊட்டுப் பக்கமே ஒரு ஊடு பாத்து இருந்துக்கறேன்."

சண்டையில் சொல்லியிருந்தால் நான் கண்டுகொண்டிருக்க மாட்டேன். எங்கள் வீட்டுச் சண்டைகளில் சொன்ன எதுவும் மறுநாள் வரை நின்றதில்லை. பீன்ஸ் நறுக்கும்போது அவள் சொன்ன எதையும் மாற்றிக்கொண்டதும் இல்லை. அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் என்று வயசான காலத்தில் ஆகிவிடுமோ என்று எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

அந்தோணி சேலத்துக்கு மிளகு ஏற்றிப்போகிற பிக்கப் வேன் வைத்திருக்கிறான். திரும்பி வரும்போது பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தான். இறக்கி வைத்துவிட்டு என்னையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தான். "ஏனுங்க மாமா, இத எங்கீங்க ஓட்டுவீங்க?" என்றான்.

கேட்கவேண்டிய கேள்விதான். நான் அதைச் சைக்கிள் வருவதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டும்.

இவர்கள் சொல்லும் சமம்

ஏரியைச் சுற்றிக் கொஞ்சம் சமமான ரோடு இருக்கிறது. அங்கே சனி ஞாயிறு மட்டுமல்ல, எல்லா நாளும் வெளியூர்க் கார்கள். காரை நிறுத்தாமலேயே கதவைத் திறந்து குரங்குக்குப் பிஸ்கட் போடுவார்கள். அந்தக் கூட்டத்தில் ஐம்பதைத் தாண்டிய பெண்ணுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தால் அன்று சாயங்காலத்துக்குள் அவள் விழுவது ஊர் ஊராக எல்லார் போனிலும் ஓடும்.

ஆகவே எனக்கு வேண்டியது இரண்டே இரண்டு. ரோடு மட்டமாக இருக்க வேண்டும். வண்டி வரக்கூடாது. பார்க்கிறவர்களிடமெல்லாம் விசாரித்தேன். ஒவ்வொருவரும் மனதார உதவினார்கள். அந்த உதவியில்தான் நான் நொந்துபோனேன்.

கொட்டச்சேட்டுப் பக்கம் மிளகும் காப்பியும் போட்டிருக்கிற வெள்ளையன் எனக்குப் பழக்கமானவர். அவருடைய பிள்ளைகள் எங்கள் பள்ளியில் படித்தவர்கள். கரடியூர்ப் பக்கம் போங்க, அங்கே ரோடு சமமாகப் போகிறது, கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாம் என்றார். போய்ப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியிருந்தால் நேராகப் பரலோகம்தான். திரும்பி வந்து கேட்டதற்கு, அதைப் போய் ஏற்றம் என்கிறீர்களே என்று அவர்தான் வருத்தப்பட்டார்.

இது அவர் ஒருவருடைய கோளாறு இல்லை. மலைக்காரர்களின் கணக்கில், வாயில் வெற்றிலையை மென்றுகொண்டே ஏற முடிந்தால் அது சமம். நின்று எச்சில் துப்ப வேண்டியிருந்தால் லேசான மேடு. இதற்கு மேல் வார்த்தையே கிடையாது. முப்பது வருஷம் இவர்களோடு வாழ்ந்தும் இதைத் தெரிந்துகொள்ளாமல் இருந்திருக்கிறேன்.

அதனால்தான் எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்தேன். மனிதன் சொல்வதை நம்பக்கூடாது, பழம் சொல்வதைத்தான் நம்ப வேண்டும் என்று முடிவு செய்தேன்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. மலையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிற இரண்டு பேரைப் பார்த்தால் எந்த ஜீப்பும் நிற்காமல் போகாது. பழுதாகிவிட்டது, பாவம் என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஒரு நாள் நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே சைக்கிள் ஜீப்பில் ஏறிவிட்டது. வேறு வழியில்லாமல் நாங்களும் ஏறினோம். வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, காசும் வாங்காமல், அடுத்த தடவை போன் பண்ணுங்க என்று நம்பரும் கொடுத்துவிட்டுப் போனார்கள். இவர்கள் மேல் கோபப்படக்கூட முடியாது.

எங்கள் ஊர் ரோடு

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போதெல்லாம் நான் ஜெசிந்தாவிடம் எங்கள் ஊர் ரோட்டைப் பற்றிச் சொல்வேன். அவள் கேட்டாளா என்று தெரியாது.

ஆற்றங்கரையை ஒட்டி ஒரே நேராகப் போகிற ரோடு. ஒரு பக்கம் வாய்க்கால், இன்னொரு பக்கம் வயல். கடலை நெருங்க நெருங்க வயல் போய் உப்புத் தண்ணீர் வந்துவிடும். சேற்று வாசனை அடிக்கும். நாரை நிற்கும். வாகனம் என்று பார்த்தால் எப்போதாவது ஒரு டிராக்டர். நான் பள்ளிக்கூடத்துக்குப் போன காலத்தில் இரண்டு கையையும் விட்டுவிட்டு வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டே ஓட்டியிருக்கிறேன். வழியில் ஒரு மதகுப் பாலம் உண்டு. அது ஆள் உயரம்கூட இருக்காது. அதைத்தான் நாங்கள் மேடு என்போம். அங்கே எல்லாரும் இறங்கித் தள்ளுவோம்.

எலுமிச்சம்பழத்தை எங்கள் ரோட்டில் வைத்தால் அது வைத்த இடத்திலேயே காய்ந்து போகும் என்று அவளிடம் பெருமையாகச் சொன்னேன்.

ஆனால் ஆடி மாதத்தில் மட்டும் தினமும் பள்ளிக்குத் தாமதமாகப் போய் அடி வாங்கியதும் ஞாபகம் இருக்கிறது. ஏன் தாமதம் என்பது மறந்துவிட்டது. என் சோம்பல்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பழம் நின்றது

கடைசியில் ரோடு கிடைத்தது. வெள்ளக்கடைக்குப் போகிற வழியில், எஸ்டேட் வேலியை ஒட்டிப் பிரிகிற ஒரு கிளை ரோடு. இரண்டு பக்கமும் சில்வர் ஓக் மரங்கள். காப்பி பூத்திருந்த சமயம். வாசனை மூக்கை அடைத்தது. அங்கே பழத்தை வைத்தேன். நின்றது. பத்தடி தள்ளி வைத்தேன். அங்கேயும் நின்றது. ஒரு வளைவிலிருந்து அடுத்த வளைவு வரைக்கும் நின்றுகொண்டே வந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை.

ஆனால் அது வண்டி ஓடுகிற ரோடு. காலையில் வேலைக்குப் போகிறவர்களின் டூவீலர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தன. ஜெசிந்தா ஏறி உட்காருவாள், நான் சீட்டைப் பிடிப்பேன், ஹாரன் அடிக்கும், அவள் இறங்கிவிடுவாள். முதல் நாள் முழுக்க ஏறியதும் இறங்கியதும்தான். பெடலை ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை.

வீட்டுக்குக் கிளம்பும்போது, எங்கிருந்து எங்கே வரை மட்டம் என்று அடையாளம் தெரிய வேண்டுமே என்பதற்காக, இந்த வளைவில் ஒரு பழத்தையும் அந்த வளைவில் ஒரு பழத்தையும் நடுரோட்டில் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் போனால் ரோடு காலி. ஒரு டூவீலர் வரவில்லை, ஒரு ஜீப் வரவில்லை. குயில் கூவுவது கேட்டது. கர்த்தர் கண் திறந்துவிட்டார் என்று நினைத்தேன். வைத்த பழங்களில் ஒன்றை மாடு தின்றிருந்தது, இன்னொன்று வாடியிருந்தது. இரண்டுக்கும் பதிலாகப் புதுப் பழம் வைத்தேன். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. ஒரு வாரத்துக்கு மேல் அந்த ரோட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஜெசிந்தா நான் சீட்டைப் பிடித்திருக்கக் கோணல்மாணலாக ஓட்ட ஆரம்பித்தாள். விட்டுவிடட்டுமா என்று கேட்டால் மட்டும் அலறுவாள்.

நடுரோட்டில் எலுமிச்சம்பழம் கிடந்தால் தமிழ்நாட்டில் என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் வைத்தவன் நானாக இருந்ததால் எனக்கு அது உறைக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் எதுவும் பிரச்சினையா, யார் மேலாவது மனக்கசப்பா என்று கேட்டார். முழங்கால் வலி ஒன்றுதான் என்றேன். அதற்கு இப்படியெல்லாம் போகக்கூடாது, ஜெபம் பண்ணுங்கள் என்றார். எதற்கு என்று புரியாமலே சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

யாருக்கு வைத்தீர்கள்

புரிய வைத்தவர் வெள்ளையன். ஒரு காலையில் அந்த ரோட்டின் முனையில் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் டூவீலரை நிறுத்திவிட்டு ஏழெட்டுப் பேர். யாரும் பழத்தைத் தாண்டி ஒரு அடி எடுத்து வைக்கவில்லை.

"ஏனுங்க, தப்பா எடுத்துக்காதீங்க. இத யாருக்குங்க வெச்சிருக்கறீங்க?" என்றார்.

ரோடு மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க வைத்தேன் என்றேன். அந்தக் கூட்டத்தில் இருந்த கொத்தனார் ஒருவர், மட்டம் பார்க்க ரசமட்டம் இருக்கிறதே, யாராவது எலுமிச்சம்பழம் வைப்பார்களா என்று மெதுவாகக் கேட்டார். நியாயமான கேள்வி. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. படித்தவன் வைப்பான் ஐயா, சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுப்பதற்காக வைப்பான் என்று கத்தினேன். மலையில் சைக்கிளா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் உண்மையைச் சொல்லச் சொல்ல அது பொய்யாகிக்கொண்டே போனது.

வெள்ளையன் மட்டும் கோபப்படவில்லை. அவர் குரல் இறங்கிவிட்டது.

"எம்பட மருமவ மாசமா இருக்கறாளுங்க. முந்தா நேத்து தெரியாம இதத் தாண்டிட்டா. ரெண்டு நாளா சோறு எறங்கலீங்க அவளுக்கு. அதான் கேக்க வந்தனுங்க."

என் ஆத்திரம் அந்த இடத்திலேயே வற்றிப்போனது. பழத்தை எடுத்து எறியப் போனேன். எடுக்காதீங்க என்று பின்னாலிருந்து இரண்டு மூன்று பேர் பதறினார்கள். எடுத்தாலும் தப்பு, விட்டாலும் தப்பு.

ஜெசிந்தா இவ்வளவு நேரமும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றிருந்தாள். இப்போது சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். நான் வழக்கம்போல ஓடிப்போய்ச் சீட்டைப் பிடித்தேன்.

"கைய உடுங்க" என்றாள்.

விட்டேன். சைக்கிள் இடதுபக்கம் சாய்ந்தது, வலதுபக்கம் சாய்ந்தது, பிறகு நேராக நின்றது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நேராக அந்தப் பழத்தைப் பார்த்து ஓட்டினாள். முன்சக்கரம் ஏறி, பழம் நசுங்கி, சாறு ரோட்டில் தெறித்தது. சைக்கிள் விழவில்லை. கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட, நடுவில் புகுந்து, அடுத்த வளைவு வரைக்கும் தனியாகப் போய்விட்டாள். அங்கே நிறுத்தத் தெரியாமல் வேலியில் மோதி இறங்கினாள். அங்கிருந்தே திரும்பிப் பார்த்துச் சொன்னாள்.

"அவளப் போய் நல்லாச் சாப்படச் சொல்லுங்க. அது என்ற சைக்கிளுக்கு வெச்ச பழமுங்க."

வெள்ளையனின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. எல்லார் முகமும்தான்.

"புது வண்டிக்குங்களா? அத மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே" என்றார்.

புது வண்டி என்றால் சக்கரத்தடியில் பழம் வைத்து ஏற்றுவது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். அவ்வளவு நேரம் வாய் கிழியக் கத்தியும் ஏறாத என் உண்மை, அவளுடைய ஒரு வரிக்கு முன்னால் தோற்றது. சாயங்காலம் வெள்ளையன் ஒரு பை நிறைய பட்டர் ஃபுரூட் கொண்டுவந்து கொடுத்து, மருமகள் இரண்டு வேளைச் சோற்றை ஒரே வேளையில் சாப்பிட்டாள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் டூவீலர்கள் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. போகிறவன் ஒவ்வொருவனும் எங்களைப் பார்த்து ஹாரன் அடித்து வாழ்த்திவிட்டுப் போனான். அந்த ஹாரன் சத்தத்துக்கு நடுவிலேயே ஜெசிந்தா நிறுத்தவும் திருப்பவும் பழகிக்கொண்டாள். மலையில் நான் கண்டுபிடித்த ஒரே மட்டமான, சத்தமில்லாத ரோடு அத்தோடு போயிற்று.

ஆடிக்காற்று

ஆடியில் வீடு மாறக்கூடாது என்று அந்தோணி ஒற்றைக்காலில் நின்றான். மாதா கோயிலுக்குப் போகிறவர்களுக்கு ஆடி என்ன, ஆவணி என்ன என்று நான் சொன்னது எடுபடவில்லை. சரி, ஆவணியில் மாறலாம், ஆடியில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஜெசிந்தா சொன்னாள். பார்த்த பிறகுதான் முடிவு என்றும் சொன்னாள். அப்போது அவள் கையில் முருங்கைக்கீரை இருந்தது. உருவிக்கொண்டே சொன்னாள்.

ஊருக்குப் போன மறுநாள் காலையில் பக்கத்து வீட்டில் இரண்டு சைக்கிள்களைக் கேட்டு வாங்கினேன். ரோட்டைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு நிறைந்தது. அப்படியே இருந்தது. ஒரே நேர், ஒரே மட்டம். கண்ணுக்கு எட்டிய வரைக்கும் ஒரு வண்டி கிடையாது. நாரைகூட இருந்தது. கடைத்தெருவைப் பார்த்து, மேற்கே கிளம்பினோம்.

மதகுப் பாலம் வரவில்லை, அதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. பெடலை மிதித்தால் சைக்கிள் நகர மறுத்தது. வேட்டி பின்னால் படபடத்தது. வாயைத் திறந்தால் மண். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே, அந்தக் காற்று மேற்கிலிருந்து நேராக மூஞ்சியில் அடித்தது. ஆடி மாதத்தில் ஏன் தினமும் அடி வாங்கினேன் என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஊரை விட்டுப் போனவனுக்கு ரோடு ஞாபகம் இருந்திருக்கிறது, காற்று ஞாபகம் இல்லை.

நான் இறங்கிவிட்டேன். முன்னால் போன ஜெசிந்தாவும் இறங்கினாள். அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மாதக்கணக்காக மட்டம் மட்டம் என்று பாடியவன் நான்.

அவள் பையைத் திறந்தாள். பஸ்ஸுக்காகக் கொண்டுவந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து, குனிந்து நடுரோட்டில் வைத்தாள். பழம் ஒரு கணம் நின்றது. பிறகு ஒரு பலமான காற்று வந்தது. பழம் கிளம்பி, நாங்கள் வந்த வழியே, கடலைப் பார்த்து உருள ஆரம்பித்தது.

"உங்க ஊரும் மேடுதானுங்க" என்றாள் ஜெசிந்தா.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். தம்பி வீட்டுப் பக்கத்திலேயே ஒரு வீடு என்றுதான் காதில் விழப்போகிறது என்று காத்திருந்தேன்.

அவள் சைக்கிளைத் திருப்பினாள். ஏறி உட்கார்ந்தாள். காற்று முதுகில் பட்டதும் சைக்கிள் தானாக நகர்ந்தது. பெடலிலிருந்து இரண்டு காலையும் தூக்கிக்கொண்டாள். மிதிக்காமலே வேகம் பிடித்தாள். கொஞ்ச தூரம் போனதும் திரும்பிப் பார்க்காமலே கத்தினாள்.

"நொம்ப நல்ல எறக்கமுங்க. ஆவணியில வந்துரலாம்."

காற்று அவள் போகிற பக்கம் அடித்ததால் அவள் சொன்னது எனக்கு அரைகுறையாகத்தான் கேட்டது. ஆவணி என்ற வார்த்தை மட்டும் சுத்தமாகக் கேட்டது. அது போதும். கண்ணைத் துடைத்தேன், மண் விழுந்ததாக வைத்துக்கொள்ளலாம்.

அவள் பின்னாலேயே போயிருப்பேன். ஆனால் எலுமிச்சம்பழம் உருண்டுபோய் நடுரோட்டில் ஒரு குழியில் நின்றுவிட்டது. அதை அப்படியே விட்டுவிட்டு வந்தால் என்ன ஆகும் என்று இந்த உலகத்தில் என்னைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது. முழங்காலைத் திட்டிக்கொண்டே குனிந்து, அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சைக்கிளில் ஏறினேன்.